கூரையில் விளையும் மின்சாரமும் நம் வீட்டுக் காகிதங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவு வாசிக்கப்படும் ஆண்டுக் கூட்டத்தில் இமாம் மின்சாரத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறாரே என்று சிலர் வியக்கக்கூடும். மஹல்லா மக்கள் நம்மிடம் கொண்டு வரும் வினாக்கள் பெரும்பாலும் நிக்காஹ், பாகப்பிரிவினை, கொடுக்கல் வாங்கல் ஆகியவற்றைப் பற்றியவை. அண்மைக் காலமாக அவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. "ஹஜ்ரத், மாடியில் சோலார் போடலாம் என்றிருக்கிறோம். கம்பியில் இணைத்துக் கொடுப்பார்களா? கரண்ட் இணைப்பு இன்னும் மௌத்தாகிப்போன வாப்பா பெயரிலேயே இருக்கிறதே! வங்கிக் கடன் என்றால் வட்டியாயிற்றே!" இப்படிக் கேட்போர் பலர். இந்த ஒரு வினாவுக்குள் அரசின் விதி, மின்சாரத்தின் இயல்பு, வாரிசுரிமை, கடன் ஆகிய நான்கும் அடங்கியிருப்பதை நாம் காண்கிறோம். ஆகவேதான் நிர்வாகத்தினரின் இசைவுடன் இதனை இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

கம்பியோடு இணைப்பது ஏன்?

சூரிய ஒளித் தகடுகள் பகலில் மின்சாரம் தருகின்றன. நம் இல்லங்களிலோ மின்விசிறியும் விளக்கும் குளிர்சாதனமும் மிகுதியாக ஓடுவது இரவில்தான். பகலில் பிள்ளைகள் மதரஸாவுக்கும் பள்ளிக்கூடத்திற்கும் சென்றுவிடுகின்றனர். ஆடவர் கடைக்கும் வேலைக்கும் போய்விடுகின்றனர். அந்நேரத்தில் விளையும் மின்சாரத்தை வீட்டிலேயே தேக்கி வைக்க வேண்டுமானால் பெரிய பேட்டரி வேண்டும். அதன் விலை ஒருபுறமிருக்க, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றும் செலவும் உண்டு.

தெருக்கம்பியோடு இணைத்துவிட்டால் இந்தச் சுமை இல்லை. பகலில் நமக்கு மிஞ்சுவது கம்பி வழியே வெளியே சென்று பக்கத்துக் கடைக்கும் பட்டறைக்கும் பயன்படும். இரவில் நமக்கு வேண்டியதைக் கம்பியிலிருந்து பெற்றுக்கொள்வோம். போனதையும் வந்ததையும் தனித்தனியே பதிவு செய்யும் இருவழி மீட்டர் ஒன்று வாசலில் பொருத்தப்படும். வந்ததிலிருந்து போனதைக் கழித்து, எஞ்சிய யூனிட்டுகளுக்கு மட்டும் பில் போடுவதே நிகர அளவீடு எனப்படும் முறையாகும்.

ஒரு கிலோவாட் தகடுகளுக்கு நிழல் விழாத மாடியில் ஏறத்தாழ 100 சதுர அடி இடம் தேவைப்படும். நம் பகுதியின் வெயிலில் அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவுக்குத் தரும். எனவே 3 கிலோவாட் நிறுவிய இல்லத்தில் இரு மாதப் பில் காலத்திற்குள் சுமார் 700 யூனிட் விளையும் எனக் கணக்கிடலாம். இவ்வளவும் அந்த ஒரு மீட்டரை நம்பியே இருக்கிறது. தகடு மாடியில் ஏறிய பின்னும் மீட்டர் வராவிட்டால், செலவழித்த பணம் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்.

வாசல் குறுகலாக இருந்த காலம்

தமிழ்நாட்டில் நிகர அளவீடு என்னும் பேச்சு 2012ஆம் ஆண்டின் சூரிய ஆற்றல் கொள்கையிலேயே வந்துவிட்டது. 2015க்குள் 3000 மெகாவாட் என்பது அன்று குறிக்கப்பட்ட இலக்கு. அந்த இலக்கு குறித்த காலத்தில் எட்டப்படவில்லை. பின்னர் 2019இல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வேறொரு கணக்கு முறையைக் கொண்டு வந்தது. நாம் வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, நாம் கொடுக்கும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த வேறொரு விலை என்றானது. 2021 அக்டோபரில் வெளியான ஆணையில்தான் வீடுகளுக்கு நிகர அளவீடு மீண்டும் வாய்த்தது.

மத்திய அரசின் விதிகளும் இவ்வாறே தள்ளாடின. மின் நுகர்வோர் உரிமைகள் குறித்து 2020 டிசம்பர் இறுதியில் வந்த விதிகள் நிகர அளவீட்டை 10 கிலோவாட்டோடு நிறுத்தின. எதிர்ப்புக் கிளம்பவே, 2021 ஜூனில் அந்த வரம்பு 500 கிலோவாட் வரை, அல்லது அனுமதிக்கப்பட்ட மின்பளு வரை, இவற்றுள் எது குறைவோ அதுவென உயர்த்தப்பட்டது.

இவ்வாறு விதி மாறிக்கொண்டே இருந்தால் எளிய குடும்பத்தவர் எந்த நம்பிக்கையில் ஒன்றரை இலட்சத்தை மாடியில் ஏற்றுவர்? விதி மாறாத இடங்களிலும் விண்ணப்பம் கொடுத்து, ஆய்வுக்குக் காத்திருந்து, மின்பளுவை உயர்த்தத் தனியே மனு எழுதி, டிரான்ஸ்பார்மரில் இடமில்லை என்னும் விடை கேட்டுத் திரும்பி வருவதே பலருக்கு அனுபவமாக இருந்தது. வசதி படைத்தோர் ஆள் வைத்து முடித்துக்கொண்டனர். வசதியற்றோர் அந்த எண்ணத்தையே கைவிட்டனர்.

2024இல் திறந்த கதவு

2024ஆம் ஆண்டு இவ்விஷயத்தில் ஒரு திருப்பமாகும். அவ்வாண்டு பிப்ரவரி 13ஆம் நாள் பிரதமரின் சூரிய இல்லத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி இல்லங்கள் என்பது அதன் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். திட்டக் காலம் 2026-27 நிதியாண்டு வரை என வகுக்கப்பட்டது. மானியத்தைப் பற்றி எல்லோரும் பேசினர். அதே மாதம் 22ஆம் நாள் வெளியான நுகர்வோர் உரிமை விதிகளின் திருத்தத்தைப் பற்றியோ நம்மில் பெரும்பாலோர் கேள்விப்படவே இல்லை. நமது பார்வையில் மானியத்தைவிடவும் பெரிய நன்மை இத்திருத்தத்தில்தான் அடங்கியிருக்கிறது. அதன் சாரத்தைச் சொல்கிறோம், இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: 10 கிலோவாட் வரையிலான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. முழுமையாகக் கொடுக்கப்பட்ட விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். நம் மஹல்லாவின் எந்த வீடும் 10 கிலோவாட்டைத் தாண்டப்போவதில்லை என்பதால் இது நம் அனைவருக்கும் பொருந்தும்.

இரண்டாவது: தகடுகளின் திறனுக்கேற்ப வீட்டின் மின்பளுவை உயர்த்த வேண்டியிருப்பின் அதனை விநியோக நிறுவனமே செய்ய வேண்டும்.

மூன்றாவது: 5 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்காகத் தெருவிலுள்ள கம்பியையோ டிரான்ஸ்பார்மரையோ வலுப்படுத்த நேர்ந்தால் அந்தச் செலவு நிறுவனத்தைச் சார்ந்தது. வீட்டுக்காரர் தலையில் அது விழாது.

நான்காவது: நிறுவி முடித்துவிட்டோம் என்னும் சான்றைக் கொடுத்த நாளிலிருந்து 15 நாள்களுக்குள் ஒப்பந்தம், மீட்டர், இயக்கி வைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேற வேண்டும். முன்னர் இதற்கு 30 நாள் அவகாசம் இருந்தது.

ஐந்தாவது: 10 கிலோவாட்டுக்கு மேற்பட்டவற்றுக்கு ஆய்வு உண்டு, அதற்கும் 15 நாள்களே. அதற்குள் ஆய்வு முடியாவிடில் அனுமதி கொடுக்கப்பட்டதாகவே கொள்ளப்படும்.

தக்க காரணமின்றித் தாமதித்தால் இழப்பீடு தர வேண்டும் என்பதும் இவ்விதிகளில் உண்டு. 'கேட்டுக் காத்திரு' என்றிருந்த முறை, 'கேட்டால் கிடைத்தது. மறுப்பதாயின் மறுப்பவர் காரணம் சொல்லட்டும்' என்று மாறியிருக்கிறது. இதன் பயனும் கண்கூடு. 2025 மார்ச் மாதத்திற்குள் நாடு முழுவதும் 10 இலட்சம் இல்லங்களில் இத்திட்டத்தின் கீழ்த் தகடுகள் ஏறிவிட்டன. அவற்றுள் குஜராத் மாநிலத்தின் இல்லங்களே மிகுதி.

பிற நாட்டார் செய்தது

இந்த எளிமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் ஒரு பேஸுக்கு 16 ஆம்பியர் வரையிலான, அதாவது ஒற்றைப் பேஸ் வீட்டில் 3.68 கிலோவாட் வரையிலான அமைப்புகளை முன் அனுமதியின்றி நிறுவி இயக்கலாம். இயக்கிய 28 நாள்களுக்குள் மின் விநியோக நிறுவனத்திற்கு அறிவித்தால் போதும். தரச் சான்று பெற்ற இன்வெர்ட்டராக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.

ஜெர்மனியில் அடுக்குமாடி வீட்டின் பால்கனிக் கைப்பிடியில் இரண்டொரு தகடுகளைத் தொங்கவிட்டு, சுவரிலுள்ள பிளக்கில் செருகிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்வெர்ட்டரின் திறன் 800 வாட் வரை இருக்கலாம். ஒரு மத்தியப் பதிவேட்டில் பதிந்துகொண்டால் போதும். மின் நிறுவனத்திற்குத் தனியே மனுப் போட வேண்டியதில்லை. பழைய மீட்டரை மாற்றும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அதே ஆண்டில் வாடகைதாரருக்கும் இவ்வுரிமை வலுப்பெற்றது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் இவ்வாறு பதிவானவை 10 இலட்சத்தை எட்டின.

அங்கிருப்பதைப் பார்த்து இங்கே யாரும் தகட்டை வாங்கி வந்து பிளக்கில் செருகிவிட வேண்டாம் என்று இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அவர்களுடைய விதி அவர்களுக்கு. நம் விதிப்படி மின்வாரியத்தின் இருவழி மீட்டர் இல்லாமல் கம்பியில் மின்சாரம் ஏற்றக் கூடாது.

எளிமை வேறு, அலட்சியம் வேறு

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். வாசலை அகலமாக்க வேண்டும் என்பதால் வாசற்படியையே பெயர்த்தெறிய வேண்டும் என்பது பொருளாகாது.

மழைக்காலத்தில் கம்பி அறுந்தால் அதைச் சரிசெய்யும் தொழிலாளி, மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறுகிறார். அந்நேரத்தில் நம் மாடியிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் பாய்ந்தால் அவருடைய உயிர் என்னவாகும்? இதற்காகவே, கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்படி இன்வெர்ட்டர் அமைக்கப்பட்டிருக்கிறது. "ஆயிரக்கணக்கில் செலவழித்துச் சோலார் போட்டும், கரண்ட் போனால் எங்கள் வீடும் இருட்டாகிவிடுகிறதே" என்று குறைப்பட்டுக்கொள்வோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுவோர் பேட்டரியோடு கூடிய தனி வகையை அமைத்துக்கொள்ளலாம். அது கூடுதல் செலவு. இன்வெர்ட்டரின் இந்தப் பாதுகாப்பை ஆள் வைத்து முடக்குவது மட்டும் எக்காலத்திலும் கூடாது. ஒரு தொழிலாளியின் உயிரோடு விளையாட நமக்கு எந்த உரிமையும் இல்லை. எர்த், இடிதாங்கி, தகடுகளைத் தாங்கும் இரும்புச் சட்டம் ஆகியவற்றில் சிக்கனம் பார்ப்பதும் இத்தகையதே. புயல் வீசும் கரையோரத்தில் பெயர்ந்து பறக்கும் தகடு, அடுத்த வீட்டாருக்கு ஆபத்தாகும்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரே தெருவில் பல வீடுகள் ஒரே நண்பகலில் மின்சாரத்தை வெளியே தள்ளினால் அந்தத் தெருவில் வோல்டேஜ் உயர்ந்து இன்வெர்ட்டர்கள் தாமாகவே நின்றுவிடும். அண்டை நாடான இலங்கையில் 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையால் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்தபோது, கூரைச் சோலார் வைத்திருப்போர் பகல் வேளையில் அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அந்நாட்டு மின்சார சபையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. எடுத்துக்கொள்வாரின்றி மின்சாரம் மிகுந்துவிட்டால் முழுக் கட்டமைப்பும் ஆட்டங்காணும். எனவே பொறியாளர் ஒருவர் "இந்த டிரான்ஸ்பார்மரில் இனி இடமில்லை" என்று சொன்னால் அது எப்போதும் சாக்குப்போக்காகவே இருக்கும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அத்தகைய நிலையில் டிரான்ஸ்பார்மரை வலுப்படுத்தும் பொறுப்பும் அச்செலவும் யாருடையவை என்பதைத்தான் 2024ஆம் ஆண்டு விதி தெளிவாக்கியிருக்கிறது. எழுத்தில் கேட்போம்; பண்போடு கேட்போம்; விதியைச் சுட்டிக் கேட்போம்.

பூட்டு நம் வீட்டுக்குள்

இனி நாம் சொல்ல வந்த மையப் பொருளுக்கு வருகிறோம். அரசு கதவைத் திறந்துவிட்டது. நம் மஹல்லாவின் பல வீடுகளில் உட்பூட்டு ஒன்று இன்னும் தொங்குகிறது. அது நம் காகிதங்களில் உள்ள பூட்டு.

விண்ணப்பம் மின் இணைப்பு எண்ணைக் கொண்டே தொடங்குகிறது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம், ஒப்பந்தம், மானியம் ஆகிய யாவும் நடைபெறும். வங்கிக் கணக்கின் பெயரும் அதனோடு பொருந்த வேண்டும். நம் தெருக்களில் எத்தனை இணைப்புகள் இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன் மௌத்தாகிவிட்ட பாட்டனார் பெயரில் இருக்கின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். வீடு மாமனார் பெயரில். இணைப்பு மாமனாரின் தந்தை பெயரில். வங்கிக் கணக்கு மனைவி பெயரில். இவ்வில்லத்தில் எந்த விண்ணப்பம் நிறைவேறும்?

பெயர் மாற்றம் செய்துகொள்ளலாமே என்றால், அதற்கு வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதமும் கேட்கப்படுகின்றன. இங்கேதான் பிரச்சினையின் வேர் தெரிகிறது. சகோதரி கையொப்பமிடத் தயங்குகிறார். "கையெழுத்துப் போட்டால் என் பங்கு போய்விடுமோ" என்று அவர் அஞ்சுகிறார். அவருக்குரிய பங்கு உரிய காலத்தில் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தால் இந்த அச்சம் ஏன் வரப்போகிறது? மார்க்கம் வரையறுத்துத் தந்த பங்கை ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் வைத்துவிட்டு, இன்று ஒரு மீட்டருக்காக அவரிடம் கையொப்பம் கேட்டு நிற்கிறோம். சகோதரியின் தயக்கத்தைக் குறைகூறும் உரிமை நமக்கு இல்லை.

ஒன்றைத் தெளிவுபடுத்துகிறோம். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பது சொத்துரிமைக்குச் சான்றாகாது. பெயர் மாற்றத்திற்குச் சம்மதிப்பதால் மட்டும் யாருடைய பங்கும் பறிபோய்விடாது. ஆயினும் சம்மதக் கடிதம் என்ற பெயரில் விடுதலைப் பத்திரத்தை நீட்டிக் கையொப்பம் வாங்கும் கொடுமையும் நடக்கக்கூடும். ஆகவே சகோதரிகளே, எந்தக் காகிதத்திலும் வாசித்துக் காட்டப்படாமல் கையொப்பமிடாதீர்கள். ஐயமிருந்தால் ஜமாஅத் அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள்.

பங்கு பிரிக்கப்படாத வீட்டின் மாடியில் ஒருவர் தம் பணத்தில் தகடு நிறுவுவதாயின், தகடு யாருக்குச் சொந்தம், மானியம் யாருக்கு, பின்னாளில் வீடு பிரியும்போது அது என்னவாகும் என்பவற்றை இரு சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தகட்டின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை மாறிவிடும். இன்று எழுதாமல் விட்டது நாளை நம் பிள்ளைகளுக்கிடையே பிணக்காக வந்து நிற்கும்.

மானியமும் கடனும்

மத்திய அரசின் மானியம் முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆகக் கூடியது 78,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் நிறுவினாலும் இதே தொகைதான். இம்மானியம் இல்லங்களுக்குரியது, பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் இதில் இடமில்லை.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மானியம் முன்கூட்டி வருவதில்லை. மீட்டர் பொருத்தி இயக்கி வைத்த பின்னரே பயனாளியின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். "மானியத்தை நாங்களே கழித்துக்கொள்கிறோம், முன்பணம் கொடுங்கள்" என்று வரும் ஆள்களிடம் கவனமாக இருங்கள். மற்றொன்று, இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டு இந்தியாவிலேயே செய்த தகடுகளுக்கே மானியம் உண்டு. விலை மலிவு என்று வெளிநாட்டுத் தகட்டை ஏற்றிவிட்டால் மானியம் கிட்டாது. நிறுவுபவரும் அரசின் பட்டியலில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும்.

எஞ்சிய தொகைக்கு வங்கிகள் பிணையின்றிக் கடன் தருகின்றன. அது வட்டிக் கடன். வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் குடும்பங்கள் இவ்விடத்தில் தடுமாறுவதை நாம் நேரில் கண்டு வருகிறோம். வட்டி கூடாது என்று மிம்பரில் நின்று சொல்லும் நாம், வட்டியில்லாத வழியைக் காட்டவும் கடமைப்பட்டவர்கள். அழகிய கடனுக்கென ஒரு தனி நிதியை ஜமாஅத் தொடங்க வேண்டும் என்று இக்கூட்டத்தில் முன்மொழிகிறோம். ஜகாத் நிதி அதற்குரியவர்களுக்கே சேர வேண்டியது; அதனை இதில் கலக்கக் கூடாது. வசதியுள்ளோர் திரும்பப் பெற்றுக்கொள்ளும் நிபந்தனையில் தரும் தொகையே இதற்கு மூலதனமாகட்டும். கடன் பெற்றவர் குறைந்துபோன மின் கட்டணத்தின் அளவை மாதந்தோறும் திருப்பிச் செலுத்தினால் அதே தொகை அடுத்த வீட்டுக்குச் செல்லும்.

யாருக்கு அவசரமில்லை

எல்லோரும் உடனே நிறுவிவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்துள்ளது. அதற்கு மேல் படிப்படியாக விலை ஏறுகிறது. இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் கொண்டு 150 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் இல்லத்தார் கடன் வாங்கிச் சோலார் போடுவதில் ஆதாயம் இல்லை. 500 யூனிட்டைத் தாண்டிப் போகும் இல்லங்களுக்கே இது பெரும் நிம்மதி தரும். தேவைக்கு மேல் பெரிதாக நிறுவிவிட்டு, எஞ்சிய மின்சாரத்தை விற்றுப் பணக்காரராகலாம் என்று எண்ணுவதும் வீண். கடந்த ஓராண்டின் ஆறு பில்களை எடுத்துக் கூட்டிப் பார்த்து, அதற்கேற்ற அளவை முடிவு செய்யுங்கள். அண்டை வீட்டார் 5 கிலோவாட் போட்டார் என்பதற்காக நாமும் 5 போட வேண்டியதில்லை.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

நிர்வாகப் பெருமக்களின் கனிவான பார்வைக்கு நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் ஜமாஅத் அலுவலகத்தில் உதவி மேசை ஒன்று அமைக்கலாம். கணினி அறிந்த இளைஞர் இருவர் போதும். விண்ணப்பத்தைப் பதிவு செய்வதற்கு இடைத்தரகருக்குக் காசு கொடுக்கும் நிலை நம் மஹல்லாவில் இருக்கக் கூடாது.

இரண்டாவதாக, தெருவாரியாக மின் இணைப்புகள் யார் யார் பெயரில் உள்ளன என்று கேட்டறிந்து, பெயர் மாற்றம் தேவைப்படும் இல்லங்களின் பட்டியலைத் தயாரிக்கலாம். சோலார் போடுகிறவரோ இல்லையோ, இப்பணி எல்லோருக்கும் பயன்படும். கணவரை இழந்த பெண்களின் இல்லங்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு வட்டாட்சியர் அலுவலகம் செல்ல அவர்களுக்குத் துணை தேவைப்படுகிறது.

மூன்றாவதாக, ஒவ்வொரு விண்ணப்பத்திற்கும் ஒரு குறிப்பேடு. விண்ணப்பித்த நாள், நிறுவி முடித்த சான்று கொடுத்த நாள், மீட்டர் வந்த நாள் ஆகிய மூன்றையும் அதில் எழுத வேண்டும். 15 நாள் கடந்துவிட்டால், அந்த வீட்டுக்காரர் தனியே போய் நிற்பதைவிட, தேதிகள் குறித்த கடிதத்தோடு ஜமாஅத் பொறுப்பாளர் ஒருவரும் உடன் செல்லலாம். தேதி எழுதி வைத்திருப்பவரின் பேச்சுக்கு எந்த அலுவலகத்திலும் தனி மதிப்பு உண்டு. பிற சமுதாயச் சகோதரர்களுக்கும் இம்மேசை திறந்திருக்கட்டும். ஒரே டிரான்ஸ்பார்மரில் அவர்கள் வீடும் நம் வீடும் சேர்ந்தே இருக்கின்றன.

நான்காவதாக, பங்கு பிரிக்கப்படாத சொத்துகள் குறித்து இமாம் என்ற முறையில் நாம் நேரம் ஒதுக்கக் காத்திருக்கிறோம். மஃரிபுக்குப் பின் எந்தக் குடும்பத்தாரும் வரலாம். ஆணும் பெண்ணுமாக எல்லா வாரிசுகளும் சேர்ந்து வந்தால் பங்குகளைக் கணக்கிட்டு எழுத்தில் தருவோம்.

கண்ணியத்திற்குரியவர்களே! சூரியன் எல்லோருடைய மாடியிலும் ஒரே அளவில்தான் காய்கிறது. அந்த வெயில் சிலருடைய மீட்டரில் மட்டும் ஏறி, வேறு சிலருடைய வீட்டில் வெறும் வெப்பமாகவே நின்றுவிடுவதற்குக் காரணம், ஒருவருடைய காகிதம் சீராக இருப்பதும் மற்றவருடைய காகிதம் சிக்கலில் கிடப்பதுமே. விதி இலகுவாக்கப்பட்டிருக்கும் இந்நேரத்தில் அச்சிக்கலை அவிழ்ப்பது நம் கையில் இருக்கிறது. இவ்வாண்டு அறிக்கையில் வரவு செலவுகளைப் படித்தோம். அடுத்த ஆண்டு அறிக்கையில், பெயர் மாற்றம் முடிந்த வீடுகள் எத்தனை, பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்ட சகோதரிகள் எத்தனை பேர், மீட்டர் பொருத்தப்பட்ட மாடிகள் எத்தனை என்று ஒரு பக்கம் சேர வேண்டும் என்பது நமது ஆசை. வல்ல நாயன் அதற்கு அருள்புரிவானாக.